கோடு எந்தப் பக்கம்?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

காலைப் பெரட்டுக்குப் போய் வேலை முடித்து, குளித்தும் குளியாமலும் ஓடி வந்திருக்கும் தோட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, என் மாணவச் செல்வங்களே! இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கவிருக்கும் உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

பரிசளிப்பு நாளில் தாய்மொழியின் பெருமையையோ கல்வியின் சிறப்பையோ பேசுவதுதான் வழக்கம். நான் சாலையில் போட்டிருக்கும் கோட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். "வாத்தியாருக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று ஒரு பிள்ளையின் உயிரைக் கேட்கப் பார்த்தது. அதைச் சொல்லாமல் இந்த மேடையில் வேறெதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு பள்ளிச் சுற்றுலாவுக்குச் சிங்கப்பூர் போனோம் அல்லவா? வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, தேக்கா சந்தையைப் பிள்ளைகளுக்குக் காட்ட அழைத்துப் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் ஞாயிறு என்றால் எப்படிப்பட்ட கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். சந்தைக்கு எதிர்ப்புறம், சிராங்கூன் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், நல்ல பிள்ளை, சொன்னதை அப்படியே செய்கிறவன். "முதலில் வலப்பக்கம் பார்" என்று வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பார்த்தான். வலப்பக்கத்திலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. காலை எடுத்து வைத்துவிட்டான். டாக்சி இடப்பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு தொழிலாளி, நம் தமிழ்நாட்டுப் பையன், புத்தகப்பையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். "பாத்துப் போ தம்பி" என்றான். அவ்வளவுதான். நான் நன்றி சொல்வதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

டாக்சிக்காரர் மீது ஒரு தப்பும் இல்லை. அவருக்குப் பச்சை விளக்கு. நம் பையன் விளக்கைப் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவன் "முதலில் வலம்" என்ற என் சொல்லை நம்பித்தானே இறங்கினான்?

சிராங்கூன் சாலை அந்தப் பகுதியில் ஒருவழிச் சாலை. வண்டிகள் எல்லாம் நகரத்திலிருந்து வெளியே போகும் திசையில்தான் ஓடும். தேக்கா சந்தைப் பக்கம் நின்றால் வண்டி உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும். எதிர்ப்பக்கம் நின்றால் இடப்பக்கத்திலிருந்து வரும். அங்கே நின்றுகொண்டு வலப்பக்கம் பார்த்தவனுக்கு வண்டிகளின் முதுகுதான் தெரியும். பக்கத்திலேயே, அதற்கு இணையாக ஓடும் ஜாலான் புசார் சாலையில் வண்டிகள் எதிர்த்திசையில் ஓடுகின்றன. நம் தோட்டத்துச் செம்மண் சாலையில் கோடும் கிடையாது, ஒருவழியும் கிடையாது. லாரி எந்தப் பக்கம் வந்தாலும் புழுதி முன்னாலேயே சொல்லிவிடும். அந்தச் சாலைக்கு ஏற்ற பாடத்தை நான் பட்டணத்துக்கும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த மாதம் தனியாகப் போய், அதே இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். சாலையே பதிலை எழுதி வைத்திருந்தது. கடக்கும் இடத்துக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே ஒரு கெட்டியான வெள்ளைக்கோடு இருக்கும். அதுதான் நிறுத்தக்கோடு. சிவப்பு விளக்கு எரியும்போது வண்டி அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆகவே வண்டி வரும் பக்கத்தில்தான் அந்தக் கோடு இருக்கும்! இருவழிச் சாலையில் கோடு பாதி அகலத்தோடு நின்றுவிடும். மறுபாதிக்கான கோடு கடப்பின் அந்தப் பக்கத்தில் இருக்கும். கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முழு அகலத்துக்கும் நீண்டிருந்தால் அது ஒருவழி. கோடு உனக்கு இடப்பக்கம் கிடந்தால் வண்டி இடப்பக்கத்திலிருந்துதான் வரும். பிள்ளைகளே, ஓரத்தில் நின்றதும் முதலில் "கோடு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பிறகு விளக்கைப் பாருங்கள். பிறகு இரண்டு பக்கமும் பாருங்கள். ஒருவழிச் சாலையிலும் தவறாக வரும் சைக்கிள் உண்டு.

பச்சை மனிதன் மினுக்க ஆரம்பித்துவிட்டால் புதிதாக இறங்கக்கூடாது. அங்குள்ள முதியோருக்குக் கூடுதல் விநாடிகள் தரும் ஏற்பாடு 2009 முதல் உண்டு. அவர்களுக்குரிய அட்டையைக் கம்பத்தில் தொட்டால் இடத்துக்கு ஏற்ப 3 முதல் 13 விநாடி வரை கூடும். நம் பாட்டிமார்களிடம் அந்த அட்டை இல்லையே! அதனால் அவர்களை அழைத்துப் போகிறவர்கள் புதிதாகப் பச்சை விழும்வரை நின்று, விழுந்ததும் கிளம்புங்கள்.

இனி, விடியுமுன் மோட்டாரில் பாலம் கடந்து சிங்கைக்கு வேலைக்குப் போகும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் சிவப்பு விழுந்தால் மோட்டார்கள் எல்லாம் இடுக்கில் நுழைந்து கோட்டைத் தாண்டிப் போய் நிற்கும். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, மறைப்பானேன்? அங்கே அதைச் செய்யாதீர்கள். கோட்டுக்கு அப்பால் இருப்பது காலி இடமல்ல, பிள்ளைகள் கால் வைக்கும் இடம்.

சில சந்திப்புகளில் கோடுகள் ஒரே வரிசையில் இல்லாமல், ஒரு தடத்துக்கு மட்டும் பின்தள்ளிப் போட்டிருப்பார்கள். பெயிண்ட் அடித்தவன் கைதவறிப் போட்டதாக நினைத்துவிடாதீர்கள். பக்கத்துச் சாலையிலிருந்து நீளமான பஸ்ஸோ லாரியோ திரும்பும்போது அந்த இடம் முழுவதும் அதற்குத் தேவை. "முன்னால இடம் இருக்கே" என்று அதில் போய் நின்றால், திரும்பும் பஸ் உங்கள் மேல்தான் வரும்.

சந்திப்பின் நடுவே மஞ்சள் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட பெட்டி இருக்கும். 1967இல் பிரிட்டனில் சட்டமாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது இது. அந்தப் பக்கம் வெளியேற இடம் இல்லாமல் பெட்டிக்குள் நுழையக்கூடாது. நம் அம்மா "நிலைப்படியில நிக்காதே" என்று சொல்வார்களே, அதேதான். வலப்பக்கம் திரும்ப, சந்திப்புக்குள்ளேயே புள்ளிக்கோடு போட்டுக் காத்திருக்கும் இடம் சில இடங்களில் உண்டு. அங்கே எதிரே வரும் வண்டியும் நடப்பவரும் போகும்வரை பொறுக்க வேண்டும். 2018இல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகு, பல சந்திப்புகளில் வலம் திரும்புவதற்கென்றே சிவப்பு, மஞ்சள், பச்சை அம்பு விளக்குகள் வைத்துவிட்டார்கள். அம்பு சிவப்பாக இருந்தால் சாலை காலியாகக் கிடந்தாலும் நில்லுங்கள். யூ-திருப்பமோ, அனுமதிக்கும் பலகை இருந்தால் மட்டுமே.

ஓரக்கோடுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை மஞ்சள்கோடு நேராக இருந்தால் காலை 7 முதல் மாலை 7 வரை வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது, ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக. இரட்டைக்கோடு என்றால் எந்நேரமும் கூடாது; ஆளை இறக்கிவிட்டு உடனே போகலாம். இரட்டை மஞ்சள்கோடு வளைந்து வளைந்து போனால் இறக்கிவிடக்கூட நிற்க முடியாது.

சிவப்பு விளக்கை மீறினால் 12 குற்றப்புள்ளிகள். படம் பிடிக்கும் கேமரா 1986 முதலே அங்கே இருக்கிறது. "யாரும் பார்க்கலையே" என்ற பேச்சுக்கு இடமில்லை. அபராதம் கட்டிவிட்டு என்னிடம் வந்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்று கேட்டவர் இந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கிறார், பாருங்கள்.

பள்ளித் திடலில் போன வாரம் சுண்ணாம்பால் ஒரு ஒருவழிச் சாலையும் ஒரு சந்திப்பும் வரைந்திருக்கிறோம். அன்று தப்பிப் பிழைத்த அந்தப் பையன்தான் அளவுக்கயிறு பிடித்தவன். மழை அழிப்பதற்குள், சனிக்கிழமை காலை 9 மணிக்கு மோட்டாரோடு வாருங்கள். நீங்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறீர்களா என்று நான்காம் ஆண்டு மாணவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.