ஒழுகும் நீர்த்தாங்கி

இரவு வீடு அடங்கிய பின்னர், மலசலகூடத்தின் பக்கமிருந்து மெல்லிய சீறல் ஒன்று எழுவதைப் பல வீடுகளிற் கேட்கலாம். கேட்பவர், "அது பழைய தாங்கி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வார். முற்றத்துக் குழாய் சொட்டினால் காண்போர் பலர், ஏசுவோரும் உளர். மலசலகூடத்துத் தாங்கியின் ஒழுக்கோ பீங்கானின் உட்சுவரோடு வழிந்து, எவர் கண்ணிலும் படாமற் குழிக்குட் போய்விடுகின்றது. மலசலகூடத்தைப் பற்றி வாய்திறந்து பேசுவதிலே தமிழ் வீடுகளில் ஒரு கூச்சமும் உண்டு. அந்தக் கூச்சத்துக்கு நீர்க் கட்டணச் சிட்டையிலே விலை கொடுக்க நேரிடுகின்றது.

விலை எவ்வளவு என்பதைச் சிறு கணக்கொன்றினால் அறியலாம். ஒரு லீற்றர்ப் போத்தல் ஐந்து நிமிடத்தில் நிரம்பும் அளவுக்கு நீர் கசிகின்றதென்று வைத்துக்கொள்வோம். அது நூல்போன்ற தாரைதான். ஆயினும் மணிக்கு 12 லீற்றர், நாளொன்றுக்கு 288 லீற்றர், முப்பது நாளில் 8,640 லீற்றர் என்று அது பெருகிவிடுகின்றது. பழைய தாங்கியொன்று ஒருமுறை கழுவுவதற்கு ஏறத்தாழ 9 லீற்றர் கொள்ளும். எனவே, எவரும் சங்கிலியைத் தொடாமலே அத்தாங்கி நாளுக்கு 32 முறை கழுவித் தீர்க்கின்றது. கொழும்பு நகருக்கு 1886 ஆம் ஆண்டிலே லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் கொண்டுவரப்பட்டது. அத்துணைத் தூரம் பயணஞ் செய்து வந்த நீர் இவ்வாறு கழிவதைப் பொறுப்பான எந்தக் குடும்பமும் விரும்பாது.

யாழ்ப்பாணத்திலே நிலைமை இன்னும் கடினமானது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே கிடையாது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே மழைநீர் தங்கி நிற்பதே கிணற்று நீர். அதே பாறைமீதுதான் மலக்குழியும் வெட்டப்படுகின்றது. மலக்குழியிலே கழிவு அடியிற் படிவதற்கு அமைதி வேண்டும். இடைவிடாது நீர் வந்து விழுந்தால் படிய வேண்டியது கலங்கும். கலங்கியது ஊறுகுழிக்குச் செல்லும். அங்கிருந்து பாறையின் வெடிப்புகளை நோக்கி நகரும். சிறு காணியிலே கிணறும் குழியும் அருகருகே அமைந்திருக்குமாயின், ஒழுகும் தாங்கியைச் சிக்கனக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. குழந்தைகள் குடிக்கும் நீரைப் பற்றிய காரியம் அது.

இவ்வளவு கேட்டைச் செய்வது பெரும்பாலும் ஒரு சதக் காசளவான இறப்பர் வட்டமே. அதனை அறியாத வீட்டார், தாங்கி பழுதாகிவிட்டது என்ற தீர்ப்பை ஏற்று, நல்ல பீங்கானை உடைத்தெறிந்து புதியதொன்று வாங்கிவிடுகின்றனர். பழைய பீங்கான் எளிதிற் கெடுவதன்று. கெடுவன அதனுள் அசையும் உறுப்புகளே. அவை இரும்புக் கடையிலே தனித்தனியாக விலைக்குக் கிடைக்கின்றன.

ஒழுக்கு எங்கே என்பதை முதலில் அறிதல் வேண்டும். தாங்கியின் மூடியை எடுத்துச் சாக்கின்மீது கிடத்திவிட்டு, தாங்கிக்கு வரும் கேற் வால்வைப் பூட்டவேண்டும். நீர்மட்டம் நிற்குமிடத்திலே உட்சுவரிற் பென்சிலாற் கோடிட்டு ஒரு மணிநேரம் விட்டுவிடலாம். மட்டம் இறங்கினால் நீர் அடிப்பக்கத்தால் வெளியேறுகின்றது. கோட்டிலேயே நின்றால் குற்றம் மிதவை வால்வினுடையது. அடிப்பக்கத்திலே ஐயமிருந்தால், துணிக்கு இடும் நீலத்திற் சிறிது தாங்கியிற் கரைத்துவிட்டுக் காத்திருக்கலாம். எவரும் கழுவாதிருக்கவே பீங்கானில் நீலம் இறங்குமாயின் ஐயம் தீர்ந்தது.

மிதவை வால்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது தகும். ஏனெனில் பழைய தாங்கிகளிற் பெரும்பாலானவை இதனாலேயே ஒழுகுகின்றன. நீர் உயர மிதவையும் உயரும். மிதவை உயர, அதனைத் தாங்கும் பித்தளைக் கை ஒரு சிறு முளையை நீர்த்துளையின் வாயில் அழுத்தும். முளையின் முகத்திலே இறப்பர் வாசர் ஒன்று பதிந்திருக்கும். ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தி அந்த வாசரிலே வட்டவடிவான பள்ளம் விழுந்துவிடுகின்றது. பின்னர் எவ்வளவு அழுத்தினாலும் துளை முற்றாக மூடாது. மட்டம் ஏறி மிகைநீர்க் குழாயால் வழியும்.

கேற் வால்வைப் பூட்டிய பின், கையைத் தாங்கி நிற்கும் இருகாலான சிறு பித்தளை ஆணியின் கால்களைக் குறட்டினால் நிமிர்த்தி இழுத்தாற் கை கழன்றுவிடும். வால்வின் முனையிலே மூடியிருப்பின் அதனையும் கழற்றி, திருப்புளியின் நுனியால் முளையை வெளியே தள்ளலாம். முளையின் தலை மரையிட்டது. அதனைத் திருகிப் பழைய வாசரை எடுத்துப் புதியதை வைக்கவேண்டும். பழைய வாசரைக் கடைக்குக் கையோடு கொண்டுபோவது நன்று; கண்ணளவை நம்பிப் போனவர் இரண்டாம் முறையும் நடக்கவேண்டி வரும். முளையை அரத்தாளால் மெல்லத் தேய்த்து, சிறிது வசலின் பூசி மீண்டும் பொருத்தலாம். மூடியைத் திருகும்போது மறுகையால் வால்வின் உடலைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் முழுப் பாரமும் பீங்கானில் விழுந்து வெடிப்பு உண்டாகும்.

வடபகுதிக் கிணற்று நீர் வன்னீர். அதன் சுண்ணாம்பு துளையின் வாயிலே கல்லாகப் படிவதுண்டு. அங்ஙனமாயின் வாசர் மாற்றியும் பயனில்லை. வினாகிரியில் ஊறவிட்டுத் துடைத்தால் அது கரையும். துளையின் விளிம்பே அரிந்து போயிருந்தால் மட்டும் வால்வு முழுவதையும் மாற்றவேண்டும். அப்போது கடைக்காரரிடம் நீர் தெருக்குழாயிலிருந்து வருகின்றதா, கூரைமேல் தாங்கியிலிருந்து வருகின்றதா என்பதைக் கூறுதல் அவசியம். கூரைத் தாங்கியின் அழுத்தம் குறைவு. அதற்கு அகன்ற துளை வேண்டும். அகன்ற துளையைத் தெருக்குழாயிற் பூட்டினால் வால்வு சரியாக அடைக்காது.

மிதவையையும் கழற்றிக் குலுக்கிப் பார்க்கவேண்டும். உள்ளே நீரின் சத்தம் கேட்டால் அது ஓட்டையானது. முற்காலத்துச் செம்பு மிதவைக்கு ஈயம் பற்றவைத்தார்கள்; இன்று அவ்விடத்திலே ஒரு பிளாஸ்ரிக் மிதவை போதும். வேறு குற்றமின்றி மட்டம் மட்டும் உயர்ந்து நின்றால், பித்தளைக் கையைச் சற்றே கீழ்நோக்கி வளைத்து, மிகைநீர்க் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்தலாம். அதற்குக் காசே வேண்டாம்.

அடிப்பக்க ஒழுக்கைப் பற்றிச் சிறிது. ஆங்கிலேயர் காலத்துத் தாங்கிகளிற் பல, சைபன் முறையாற் கழுவுவன. அல்பேட் கிப்ளின் என்பவர் இங்கிலாந்திலே 1898 ஆம் ஆண்டில் இத்தகைய தாங்கிக்கு உரிமம் பெற்றார். நீர் ஒரு வளைவின்மேல் ஏறி இறங்கினாலன்றி வெளியேறாது; ஆகவே அது அடியால் ஒழுகுவது அரிது. அந்நாட்டிலே 2001 ஆம் ஆண்டு வரை வேறு முறைக்கு இடங்கொடாமலிருந்ததற்கும் இதுவே காரணம். பிடியைப் பலமுறை இழுத்த பின்னரே கழுவுமாயின் உள்ளிருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் இதழ் கிழிந்திருக்கும். இதழ் மலிவானது; ஆயினும் அடிக்குழாயைக் கழற்றவேண்டியிருப்பதால், துருவேறிய இரும்புத் தாங்கியில் அந்த வேலையைப் பழகிய கையிடம் விடுவதே புத்தி.

பிற்காலத்துத் தாங்கிகளில் அடித்துளையை இறப்பர் மூடி ஒன்று அடைக்கின்றது. அது ஊதியோ இறுகியோ போனால் நீலம் பீங்கானில் இறங்கும். புதிய மூடி வாங்குமுன், அது அமரும் விளிம்பைத் துணியால் வழித்துப் பார்க்கலாம். பாசி படிந்திருப்பதே குற்றமாக இருக்கக்கூடும். மூடியைத் தூக்கும் சங்கிலி குறுகினால் மூடி முற்றாக அமராது. நீண்டால் அதன் அடியிலேயே சிக்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு கண்ணி தளர்வு அளவானது.

வாசரின் விலை கடையிற் குடிக்கும் தேநீரின் விலையை அதிகம் தாண்டாது. வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, மீந்ததை நூலிற் கோத்துத் தாங்கிக்கு அண்மையில் ஆணியிலே தொங்கவிடலாம். அடுத்த முறை சீறல் கேட்கும் நாள், கடைகள் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிடக்கூடும்.