பேட்டரியின் விலையும் உழைப்பாளியின் உயிரும்

நாம் கூடியிருக்கும் இந்தப் பெங்களூருவின் ராஜாஜிநகரில், டாக்டர் ராஜ்குமார் சாலையில், 2024 நவம்பர் 19 மாலை மின் ஸ்கூட்டர் விற்பனையகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. மற்றவர்கள் தப்பினர். காசாளராகப் பணியாற்றிய 20 வயதுப் பெண் உள்ளேயே சிக்கி மாண்டார். அதற்கு முன், 2022 மார்ச்சில், வேலூரில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

லித்தியம் பேட்டரியில் ஒரு செல் கட்டுமீறிச் சூடேறினால், அவ்வெப்பம் அடுத்த செல்லைப் பற்றும், அது அதற்கடுத்ததை. ‘தெர்மல் ரன்அவே’ என்பர். (இதனை ‘வெப்ப ஓட்டம்’ என எழுதிய துண்டறிக்கை ஒன்றை நான் திருத்தியதுண்டு. ஓட்டமன்று தோழர்களே, கடிவாளம் அறுந்த பாய்ச்சல்.) தடுக்க வழியில்லாமல் இல்லை. செல்களுக்கிடையே போதிய இடைவெளி, வாயு வெளியேறத் திறப்பு, வெப்பத்தைக் கண்காணிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு: எல்லாம் உண்டு, எல்லாவற்றுக்கும் செலவும் உண்டு. நிக்கல் கலந்த செல்லைவிட லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதே எடைக்குக் குறைந்த தூரமே ஓடும். விளம்பரத்தில் விலைபோவது தூரம்தானே!

வேலூருக்குப் பின்னரே ஏஐஎஸ் 156 தரவிதி கடுமையாக்கப்பட்டு, 2023 மார்ச் 31 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இரண்டே மாதங்களில், ஜூன் 1 முதல், ஒன்றிய அரசு ஃபேம் 2 திட்டத்தில் இருசக்கர வண்டிக்கான மானியத்தைக் கிலோவாட் மணிக்கு ரூ.15,000 என்பதிலிருந்து ரூ.10,000 ஆக்கியது, ஆலை விலையில் 40 விழுக்காடு என்றிருந்த உச்சவரம்பு 15 ஆயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள். ஆலை விலை ஒரு லட்சம், பேட்டரி 3 கிலோவாட் மணி என்றால், கிடைக்கவேண்டிய 40,000 ரூபாய் 15,000 ஆகச் சுருங்கியது. பாதுகாப்பின் செலவும் மானிய வெட்டும் ஒரே ஆண்டில் வாங்குவோர் தலையில் விழுந்தன.

இந்நகரில் வாங்குவோர் யார்? உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞர்கள். வாங்க இயலாதோர் வாடகைக்கு எடுக்கின்றனர். தொடைகளுக்கிடையே இருக்கும் பேட்டரி எத்தனை ஆண்டு உழைத்ததென்பதை அவர்கள் அறியார்.

மின் வண்டியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஏஐஎஸ் 156 பேட்டரியைத்தான் சோதிக்கிறது. அது அடுக்கப்பட்டிருக்கும் கடையை அன்று. சார்ஜ் ஏற்றுமிடமும் ஊழியர் அமருமிடமும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாகாது, இரண்டாவது வாசல் இருந்தே ஆகவேண்டும் எனக் கேட்போம். கிளைத் தோழர்கள் இவ்வாரமே தத்தம் பகுதி விற்பனையகங்களுக்குச் சென்று, காசாளர் இருக்கையிலிருந்து வாசல் எத்தனை அடி, இடையில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று குறித்து வாருங்கள். அக்குறிப்புகளோடு தொழிலாளர் துறைக்கு மனு எழுதுவோம்.