வில்லின் குறிக்காட்டியைச் சரிசெய்தல்

வில்வித்தை என்றதும் நம் நினைவுக்கு வருபவன் அர்ச்சுனன். மரத்திலிருந்த பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்று அவன் துரோணரிடம் சொன்ன கதையைப் பாட்டிமார் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அர்ச்சுனன் வில்லில் குறிக்காட்டி கிடையாது. இன்று பள்ளித் திடலில் வில்லேந்தி நிற்கும் பிள்ளைகள் பலருடைய வில்லில் அது உண்டு. அதைத் திடலில் "சைட்" என்பார்கள். வில்லின் கைப்பிடிக்கு மேலே, முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு; அதன் நுனியில் ஒரு சிறு வளையம் அல்லது முள்; பக்கத்தில் அளவுகோல் போன்ற கோடுகள். இவ்வளவுதான் அந்தக் கருவி.

நம் நாட்டில் வில்வித்தைக்கு இன்று நல்ல வரவேற்பு இருக்கிறது. நம் வீரர் காய்ருல் அனுவார் முகமது 2012இல் இலண்டன், 2016இல் ரியோ, 2021இல் தோக்கியோ என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் வில்லேந்தினார். மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மா 2010ஆம் ஆண்டில் நம் மலாக்கா மாநிலத்திலேயே நடந்தது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ, தோட்டத்தில் இருந்தாலும் தோட்டத்தை விட்டுத் தாமானில் குடியேறியிருந்தாலும், நம் பிள்ளைகளும் இந்தக் கலையில் இறங்கலாம். ஆனால் வில்லுக்குரிய சாமான்கள் மலிவானவை அல்ல. தகப்பனார் ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்த புதுக் குறிக்காட்டி ஒரு வாரத்தில் "சரியில்லை" என்று மூலையில் கிடக்கக்கூடாது. ஆகவே அதைச் சரிசெய்யும் முறையை இன்று பார்ப்போம்.

முதலில், குறிக்காட்டி எதற்காக என்பதைத் தெரிந்துகொள்வோம். வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு நேர்க்கோட்டில் போவதில்லை. போகும்போதே கீழே விழுந்துகொண்டு போகிறது. வினாடிக்கு 55 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு 18 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் அது அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தை ஈடுகட்ட வில்லை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவதே குறிக்காட்டியின் வேலை.

இனி முறைக்கு வருவோம். குறிக்காட்டியை வில்லில் பொருத்தித் திருகுகளை அலன் சாவியால் இறுக்குங்கள். வில்லை நேராகப் பிடித்தால் அளவுகோல் தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பது போல இதையும் பாருங்கள். தண்டு சாய்ந்திருந்தால், தூரம் கூடக் கூட அம்பு பக்கவாட்டில் விலகும்.

முதல் அம்பை 10 மீட்டர் தூரத்திலிருந்து விடுங்கள். பெரிய தாளின் நடுவில் ஒரு சிறு புள்ளி போதும். ஒரே நீளமும் ஒரே எடையும் உள்ள ஆறு அம்புகளை எடுத்துக்கொண்டு, ஆறையும் அதே புள்ளிக்குக் குறிவைத்து விடுங்கள். முதல் அம்பு இடப்பக்கம் போயிற்றே என்று உடனே திருகில் கை வைக்காதீர்கள். ஒரே ஓர் அம்பு எதையும் நிச்சயமாகச் சொல்லாது. ஆறு அம்புகளும் எங்கே கூடி நிற்கின்றன, அந்தக் கூட்டத்தின் நடு எது என்று பாருங்கள். கை நழுவி எங்கோ போன அம்பு இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விதி. அம்புகள் போன பக்கமே குறிமுள்ளை நகர்த்த வேண்டும். அம்புகள் மேலே போனால் முள்ளை மேலே ஏற்றுங்கள். கீழே போனால் கீழே இறக்குங்கள். இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். இது தலைகீழாக இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். காரணம் எளிது. நாணை இழுத்துத் தாடையில் வைத்தபின் கண் ஒரே இடத்தில் நிற்கிறது. முள்ளை மேலே ஏற்றினால், அதை மறுபடியும் புள்ளியின் மேல் கொண்டுவர, வில் பிடித்த கையைச் சற்றுத் தாழ்த்தியாக வேண்டும். கை தாழ்ந்தால் அம்பும் தாழும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். குழம்பில் உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே சமயத்தில் கூட்டிவிட்டால் எதனால் ருசி கெட்டது என்று சொல்ல முடியுமா? முதலில் மேல் கீழைச் சரிசெய்து, மறுபடி ஆறு அம்புகள் விடுங்கள். பிறகு இடம் வலம் பாருங்கள்.

எவ்வளவு நகர்த்துவது? கண்ணுக்கும் குறிமுள்ளுக்கும் இடையே சுமார் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டர் என்பது அதைப்போல 20 மடங்கு. ஆகவே முள்ளை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் இலக்கில் அம்பு 2 சென்டிமீட்டர் நகரும். உள்ளரங்கில் 18 மீட்டரில் வைக்கும் 40 சென்டிமீட்டர் இலக்கில், பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டம் 4 சென்டிமீட்டர் அகலம்தான். 1 மில்லிமீட்டர் பிசகினால் நடுவில் பட வேண்டிய அம்பு வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். ஒலிம்பிக் தூரமான 70 மீட்டரில் அதே 1 மில்லிமீட்டர் ஏறக்குறைய 8 சென்டிமீட்டராகிறது. அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 12.2 சென்டிமீட்டர். நடுவில் பட வேண்டிய அம்பு வட்டத்தைவிட்டே வெளியேறிவிடும். அதனால்தான் திருகை மெல்ல, எண்ணித் திருப்ப வேண்டும்.

10 மீட்டரில் சரியானதும் 18 மீட்டருக்குப் போங்கள்; பிறகு 30. தூரம் கூடக் கூட முள் கீழே இறங்கும். ஒவ்வொரு தூரத்திலும் அளவுகோலில் முள் நிற்கும் எண்ணை ஒரு பள்ளி ஏட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். அண்ணனுடைய எண் தம்பிக்கு உதவாது. ஒவ்வொருவருக்கும் தாடைக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி வேறு. வில்லின் பலமும் வேறு.

ஆறு அம்புகளும் ஆறு திசையில் சிதறினால் என்ன செய்வது? அப்போது குறிக்காட்டியைத் தொடவே வேண்டாம். நிற்கும் நிலையையும், நாண் தாடையில் படும் இடத்தையும், விரலை விடும் விதத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்பவனுக்குத்தான் குறிக்காட்டி பயன்படும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜம்மு காஷ்மீரிலுள்ள கிஷ்த்வாரைச் சேர்ந்த சீத்தல் தேவி என்ற பெண்ணுக்குப் பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. நாற்காலியில் அமர்ந்து, காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து அம்பு விடுகிறார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில், ராக்கேஷ் குமாருடன் இணைந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 17. அவர் இழுக்கும் முறை நம்முடையதைப் போன்றதன்று. ஆனால் ஒவ்வோர் அம்பையும் அதே முறையில் விடுகிறார். குறிக்காட்டி கேட்பதும் அதுதான்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறி சரியாகாத புது வில்லின் அம்பு இலக்கைத் தாண்டி வெகுதூரம் போகும். பால்வெட்டுத் தீம்பாரிலும், செம்பனை நிரைகளுக்குள்ளும், லயத்துப் பின்புறத்திலும் பழகவே கூடாது. மரத்துக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாது. பயிற்சியாளர் இருக்கும் திடலில், இலக்குக்குப் பின்னால் மண்மேடோ தடுப்போ இருக்கும் இடத்தில் மட்டுமே பழகுங்கள். போட்டிகளில் இரண்டு விசில் ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு விசில் ஊதினால் அம்பு விடலாம். மூன்று விசில் கேட்ட பிறகே அம்பு எடுக்கப் போகலாம். திடலிலும் இந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, "இந்தச் சைட் சரியில்லை, வேறு வாங்கிக் கொடுங்கள்" என்று பிள்ளை வந்து நின்றால் கோபிக்காதீர்கள்; உடனே பணத்தையும் எடுக்காதீர்கள். "எங்கே, உன் ஏட்டைக் காட்டு" என்று கேளுங்கள். அதில் தேதியும் தூரமும் எண்ணும் வரிசையாக இருந்தால் அந்தப் பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கலாம். பயிற்சியாளரிடம் கலந்து பேசுங்கள். ஏடு வெறுமையாக இருந்தால், பத்து மீட்டரிலிருந்து மறுபடியும் தொடங்கச் சொல்லுங்கள்.