ஆங்கிலமும் உபாத்தியாயரும்

(பெரம்பலூரில் ஆசிரியத் தோழர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னை அழைத்திருக்கிறீர்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கு வீற்றிருக்கும் உபாத்தியாயர்கள் பி.ஏ., எம்.ஏ., பி.எட். என்று படித்துப் பட்டம் வாங்கியவர்கள். நானோ எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் அரியலூரில் சிமெண்டு லாரி ஆபீசில் பில் எழுதியதிலும், அட்டை போன ஒரு லிப்கோ அகராதியிலும், டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டுகளிலும் பொறுக்கி எடுத்ததுதான். ஆனாலும் ஆறு வருஷமாகச் சாயந்திர வேளையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைவிட அதிகமாக அவர்களுடைய தாய் தகப்பன்மார்களுக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரி என்று படுவதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

என் தகப்பனார் கரிசல் காட்டில் மானாவாரிப் பருத்தி போட்டவர். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஓர் ஆபீசிலிருந்து அவர் பேருக்கு ஒரு காகிதம் வந்தது. முழுவதும் இங்கிலீஷ். ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் தகப்பனார் இரண்டு நாள் நின்றார். "நாளைக்கு வா" என்பதே பதில். மூன்றாம் நாள் அந்த மனுஷர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துச் சொன்னார்: "உனக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது, இன்ன தேதிக்குள் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்." அந்தத் தேதி முந்தின நாளோடு முடிந்துபோயிருந்தது. என் தகப்பனார் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். எனக்கு அப்போதே பட்டது, அது தலையெழுத்தல்ல, இங்கிலீஷ் எழுத்து என்று. தலையெழுத்தைத்தான் மாற்ற முடியாது என்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறுதானே, அதைக் கற்றுக்கொண்டால் போகிறது என்று நினைத்தேன்.

தோழர்களே! இந்த எழுத்து இந்நாட்டில் யாரிடம் இருந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1835-இல் மெக்காலே தமது குறிப்பை எழுதியபோது எல்லோருக்கும் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஆளுகிறவர்களுக்கும் ஆளப்படுகிறவர்களுக்கும் நடுவில் துபாஷிகளாக இருக்க ஒரு சிறு கூட்டம் வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. அந்தக் கூட்டம் மேலே இருந்து நிரம்பிக் கீழே சொட்டும் என்றார்கள். சொட்டியதா? 1916 டிசம்பரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை ஒரு கணக்குக் கொடுத்தது. 1892 முதல் 1904 வரை சென்னையில் நடந்த சிவில் சர்வீஸ் பரீட்சைகளில் தேறிய 16 பேரில் 15 பேர் பார்ப்பனர்கள். மற்றவர்களுக்கெல்லாம் மூளை இல்லையா? சமஸ்கிருதத்தைப் பூட்டி வைத்திருந்த பெட்டியிலேயே இங்கிலீஷையும் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

சரி, பெட்டி இன்று திறந்துவிட்டது. நம்முடைய பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாவது வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் படிக்கிறார்கள். ஆனால் பத்து வருஷம் படித்த பிள்ளையிடம் ஒரு பூச்சிமருந்துப் புட்டியைக் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு மருந்து கலக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கிறான். அதே பிள்ளை, "ஏ நவுன் ஈஸ் தி நேம் ஆஃப்..." என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். இது எதைப் போல இருக்கிறது? கலியாண வீட்டில் புரோகிதர் மந்திரம் சொல்லுகிறார். சொல்லுகிற பலருக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் அதையே செய்தால் மார்க்குப் போடுகிறோம். பொருள் தெரியாமல் உருப்போடுவது எந்தப் பாஷையில் இருந்தாலும் மந்திரந்தான் என்று நான் சொல்லுகிறேன்.

ஆகவே என் முதல் அபிப்பிராயம், இங்கிலீஷை அர்த்தத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது. அர்த்தம் பிள்ளைக்குத் தமிழில்தான் இருக்கிறது. "வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம்" என்று சில பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கிறார்கள். கால் வைத்திருக்கிற தரையை வெட்டிவிட்டு ஏணியில் ஏறச் சொல்லுவது எவ்வளவு கெட்டிக்காரத்தனமோ அவ்வளவு கெட்டிக்காரத்தனந்தான் அதுவும். நான் என்ன செய்கிறேன் என்றால், "நான் சோளம் விற்றேன்" என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுகிறேன். பிறகு, "வெள்ளைக்காரன் இதை எப்படிச் சொல்லுவான் தெரியுமா? 'நான் விற்றேன் சோளம்' என்பான்" என்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே நம் வினை கடைசியில் வருகிறது, அவன் வினை நடுவில் வருகிறது என்ற இலக்கணத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சப்ஜெக்ட், பிரெடிகேட் என்ற பேர்களைப் பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எழுத்துக்கூட்டு என்னும் ஸ்பெல்லிங் இருக்கிறதே, அதற்காகப் பிள்ளைகள் வாங்கிய அடிக்குக் கணக்கே இல்லை. கத்திக்கு இங்கிலீஷில் "நைஃப்" என்கிறோம். எழுதும்போது முதலில் "கே" போட வேண்டும். ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். "அது அப்படித்தான், கேள்வி கேட்காதே" என்று பதில் சொன்னால் அந்த உபாத்தியாயருக்கும் பூசாரிக்கும் என்ன வித்தியாசம்? காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் அந்த "கே"யையும் சேர்த்தே உச்சரித்தார்கள். வாய் அதை விட்டுவிட்டது, எழுத்து விடவில்லை. அவ்வளவுதான். அதுவும் ஒரு ஆசாரம். அவர்களுக்கும் ஆசாரங்கள் உண்டு! பெர்னாட்ஷா இதைப் பொறுக்க முடியாமல், இங்கிலீஷுக்குப் புது எழுத்துச் செய்ய வேண்டும் என்று தம் உயிலில் பணமே எழுதி வைத்துவிட்டு 1950-இல் காலமானார். அவர்கள் எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நம் பெரியார் 1935-இல் குடி அரசில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார்; 1978-இல் சர்க்கார் அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. இந்த ஒரு விஷயத்திலாவது இங்கிலீஷ்காரனைவிட நாம் முன்னால் நிற்கிறோம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவள் அந்த "கே"யை ஒரு நாளும் மறந்ததில்லை.

உச்சரிப்பு விஷயமும் அப்படியே. பன்றிக்கு ஒரு வார்த்தை, பெரியது என்பதற்கு ஒரு வார்த்தை. தமிழில் எழுதினால் இரண்டும் "பிக்" தான். நம் எழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம். இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்ளுகிறோம். இங்கிலீஷில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து. இந்தக் காரணத்தைச் சொல்லாமல், "பெரிய வீடு" என்று சொல்ல வந்த பையன் "பன்றி வீடு" என்று சொல்லிவிட்டதற்காக வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்த ஒரு வாத்தியாரை எனக்குத் தெரியும். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். அந்தப் பையன் அன்றிலிருந்து வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையன் நான்தான்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராததற்குக் காரணம் மூளைக்குறைவுமல்ல, புத்தகக் குறைவுமல்ல, வெட்கந்தான். தப்பாகப் பேசினால் "பட்டிக்காட்டான்" என்பார்கள், இன்னும் ஜாதியைச் சொல்லியும் சிரிப்பார்கள் என்ற பயம். லாரி டிரைவர்கள் வடக்கே போய் எல்லாப் பாஷையையும் தப்புத் தப்பாகப் பேசியே கற்றுக்கொண்டு வருகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மாத்திரம் தப்புக்குத் தண்டனை. என்.எஸ்.பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தென்னாட்டின் வேறு சில பள்ளிகளிலும் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியைத் தனியாகப் புகட்டாமல், ரயில் நேர அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லுவது போன்ற வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அந்த வேலையை முடிப்பதற்காக இங்கிலீஷைப் பயன்படுத்த வைத்தார். உலகத்தில் மற்ற தேசத்து ஆசிரியர்களெல்லாம் அதைப் படிக்கிறார்கள். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, பாங்கிச் சலான் இருக்கிறது, சிமெண்டு மூட்டையில் அச்சடித்த எழுத்து இருக்கிறது. இவைகளெல்லாம் பாடமாகக் கூடாதா?

இன்னொரு பக்கம் இங்கிலீஷை வைத்தே ஒரு மூடநம்பிக்கை வளருகிறது. உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி ஜில்லாவில் பங்கா என்னும் கிராமத்தில் 2010-இல் "இங்கிலீஷ் தேவி"க்குக் கோயில் கட்ட ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் மேல் நிற்கிற சிலை, கையில் பேனா. அதைத் தொடங்கிய சந்திரபான் பிரசாத் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக உழைப்பவர். தாழ்த்தப்பட்டவன் இங்கிலீஷ் கற்றால்தான் விடுதலை என்ற அவருடைய ஆத்திரம் எனக்குப் புரிகிறது, அதில் பாதிக்கு மேல் எனக்கும் சம்மதம். ஆனால் சிலை எதற்கு? கும்பிட்டால் சரஸ்வதிக்கே வராத படிப்பு, இங்கிலீஷ் தேவிக்கு மட்டும் வந்துவிடுமா? நம் ஊரில் சிலை வைக்கவில்லை, போர்டு வைக்கிறோம். "இங்கிலீஷ் மீடியம்" என்று போர்டைப் பார்த்தவுடன் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறோம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் வந்தன. வழி எதுவாயிருந்தாலும் வாத்தியார் பிள்ளையிடம் பேசுகிறாரா, பிள்ளை திருப்பிப் பேசுகிறதா என்பதைப் பாருங்கள். விஞ்ஞானத்தையும் கணக்கையும் புரியாத பாஷையில் உருப்போட்ட பிள்ளைக்கு இரண்டும் போய்விடும்.

"இந்தியை எதிர்க்கிறீர்கள், இங்கிலீஷை மட்டும் ஏன் தலையில் வைத்துக் கூத்தாடுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அரியலூர் சீமையில் வந்து கேட்கக் கூடாது. 1964 ஜனவரி 25-இல் திருச்சி ரயில் நிலையத்தின் முன் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்த சின்னச்சாமி நம் கீழப்பழுவூர்க்காரர். உயிரைக் கொடுத்துத்தான் எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்கு ஆள் உயிரோடு வேண்டும். ஆனால் 1968 ஜனவரியில் சட்டசபையில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானமானதற்குப் பின்னால் அந்த வேதனையும் இருக்கிறது. இங்கிலீஷை நாம் எஜமானனாக வைக்கவில்லை, ஏவலாளாக வைத்திருக்கிறோம். ஏவலாளிடம் வேலை வாங்கத் தெரிய வேண்டாமா?

வேலை வாங்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. செந்துறைப் பக்கம் குழுமூர் அனிதா, 1200-க்கு 1176 வாங்கிய பெண். நீட் என்னும் பரீட்சையால் டாக்டர் படிப்பு கிடைக்காமல், 2017 செப்டம்பர் 1-இல் அவரை இழந்தோம். அவருக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பரீட்சையின் அநியாயம். ஆனால் அடுத்த வருஷம் நடந்ததைப் பாருங்கள். 2018 நீட் பரீட்சையின் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகள் தப்பாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. 196 மார்க் கொடுக்க வேண்டும் என்று மதுரைக் கிளை ஹைகோர்ட் சொன்னது. சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. சந்தேகம் வந்தால் இங்கிலீஷ்க் கேள்வியே முடிவானது என்பது விதி. பக்கத்திலேயே அச்சடித்திருந்த இங்கிலீஷைப் பார்த்து, "இந்தத் தமிழ் தப்பு" என்று கண்டுபிடிக்கும் தைரியம் எத்தனை பிள்ளைகளுக்கு இருந்திருக்கும்? அந்தத் தைரியத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன், மார்க்கை அல்ல.

நேரமாகிறது. செந்துறை, குன்னம் போகிற தோழர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் வகுப்புக்கு வர விரும்புகிறவர்கள் நோட்டும் புத்தகமும் கொண்டுவர வேண்டாம். வீட்டில் பரணிலோ, பெட்டியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ புரியாமல் கிடக்கிற இங்கிலீஷ்க் காகிதம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம். தேதி முடிவதற்குள் வந்தால் நல்லது.