ஏற்றம் இறைக்கும் பாசி



குறுவை நட்டுப் பச்சை பிடித்த வயலின் வரப்பில் உச்சிவெயிலில் நின்று பாருங்கள். நாற்றுகளுக்கு நடுவே தண்ணீரில் பாசி படர்ந்திருக்கும். அதிலிருந்து பொடிப்பொடிக் குமிழிகள் கிளம்பும். பாசி விடும் ஆக்சிஜன் அது. நெல்லைப் போலவே பாசியும் வெயிலில் சமைக்கிறது. ஆனால் அதனிடம் நெல்லுக்கு இல்லாத ஒரு கைப்பக்குவம் இருக்கிறது.

சமையலுக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு காற்றில் பத்தாயிரம் பங்குக்கு 4 பங்குதான். தண்ணீருக்குள் அது பரவும் வேகமோ காற்றைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. இரவில் சேர்ந்ததைப் பாசிக்கூட்டம் நண்பகலுக்குள் தீர்த்துவிடும். தண்ணீரில் காரத்தன்மை ஏறும். மிச்சமுள்ள கரி, அதாவது கார்பன், பெரும்பாலும் பைகார்பனேட்டாகக் கிடக்கும். சமையல் சோடாவில் இருக்கிறதே, அதுதான்.

இந்தச் சங்கடம் கடைமடைக்காரர்களுக்குப் பழக்கமானது. வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி வந்தால் மடையைத் திறந்தால் போதும், தானே பாயும். மட்டம் தாழ்ந்தால் இறைத்தாக வேண்டும். அன்று ஏற்றம், இன்று எஞ்சின். கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசியும் அப்படித்தான். தட்டுப்பாட்டை உணர்ந்த சில மணி நேரத்தில், பைகார்பனேட்டை உள்ளே இறைக்கும் புரதங்களைத் தன் சவ்வில் பொருத்திக்கொள்கிறது. இறைத்தது பசுங்கணிகத்துக்குள் இருக்கும் பைரினாய்டு என்ற உருண்டைக்குப் போகிறது. அங்கே ஒரு நொதி அதை மறுபடி கார்பன் டை ஆக்சைடாக்குகிறது. கரியைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி அந்த உருண்டைக்குள்தான் குவிந்திருக்கிறது. இறைத்தது கசிந்துபோகாமல் சுற்றிலும் மாவுச்சத்தால் ஒரு வரப்பு வேறு! இந்தப் பாசி வெளியே இருப்பதைவிட அதிகமாகக் கரியை உள்ளே சேர்க்கிறது என்பதை 1980-இல் பேட்ஜர், கப்லான், பெர்ரி ஆகிய மூவர் எடுத்துக்காட்டினார்கள்.

இறைப்பதைவிட, நிறுத்தத் தெரிந்திருப்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எஞ்சினுக்கு டீசல் போல இதற்கு வெயிலில் ஈட்டிய ஆற்றல் செலவாகிறது. கரி தாராளமாகக் கிடைத்தால் பாசி அந்த ஏற்பாட்டை அடக்கிவைத்துவிடுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். பாசி ஏற்றிவிட்ட காரத்தன்மையால், தண்ணீரில் தூவிய யூரியாவின் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிப் போகும். பாசி மண்டிய வயலில் நண்பகலில் மேலுரம் வீசினால் பாதிக் காசு காற்றில் போனாலும் ஆச்சரியமில்லை. தண்ணீரை வடித்துச் சேற்றில் இடுங்கள்.

நெல்லின் ரூபிஸ்கோ கரிக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்து அடிக்கடி ஏமாறுகிறது. கரியை அதன் வாசலில் குவிக்க நெல்லிடம் ஏற்றம் இல்லை. பாசியின் பைரினாய்டைப் பயிர்களுக்குள் அமைக்க ஆய்வாளர்கள் இன்று முயன்றுவருகிறார்கள். கோனோவீடர் என்ற களைக்கருவியை உருட்டிப் பாசியைச் சேற்றில் அமுக்குகிறோமே, நெல் கற்க வேண்டிய பாடம் அதன் காலடியிலேயே கிடக்கிறது.