கோடைக்கு எங்கே போவது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் போன வாரம் போன் செய்தார். "இந்த வருஷம் நம்ம பிள்ளைங்க நிறைய பேரு பெங்களூருக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் போறாங்க. இன்டர்வியூ, சம்பளம் இதெல்லாம் மத்தவங்க பேசிருவாங்க. சனி, ஞாயிறு என்ன பண்றதுன்னு நீங்க சொல்லுங்க. கோடையில அங்க என்னென்ன கலை நிகழ்ச்சி நடக்குது, எதைப் பாக்கலாம், அவ்வளவுதான்" என்றார். நான் மெக்கானிக்கல் படித்தவன். கலையைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற ஒரே தகுதி, 2009-ல் இங்கே படிப்பை முடித்துவிட்டுப் போனதிலிருந்து எல்லாக் கோடையையும் அந்த ஊரில் கழித்தவன் என்பதுதான். கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கேட்காத ஒன்றையும் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூருக்குப் போகிற நம்ம பையன் முதல் கோடையில் என்ன செய்வான்? நான் செய்ததைத்தான் செய்வான். சனிக்கிழமை பூரா தூங்குவான். ஞாயிற்றுக்கிழமை ஏ.சி.க்காகவே ஒரு பெரிய கடைக் கட்டிடத்துக்குள் போய் மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வருவான். இரண்டு வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன். மூன்றாவது வருஷம் என் அறையில் இருந்த திருச்சிக்காரர் ஒருத்தர் சாமராஜப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, ஸ்ரீராமசேவா மண்டலி ராமநவமி இசை விழா நடத்துகிறார்கள். 1939-ல் ஆரம்பித்தது. ஏறக்குறைய ஒரு மாதம், தினமும் சாயங்காலம் கச்சேரி. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பந்தல் அது. எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் தொடையில் தாளம் போடுவதைப் பார்த்து நானும் போட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் அன்றைக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. மறுநாளும் போனேன்.

நாடகம் பார்க்க வேண்டும் என்றால் ஜே.பி. நகரில் ரங்கசங்கரா இருக்கிறது. நடிகர் சங்கர் நாக் நினைவாக, அவருடைய மனைவி அருந்ததி நாக் முன்னின்று கட்டிய அரங்கம். 2004-ல் திறந்தார்கள். திங்கட்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் நாடகம் நடக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஒரு எச்சரிக்கை: நேரத்துக்குப் போய்விட வேண்டும். நம்ம முதல் பீரியட் மாதிரி பத்து நிமிஷம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு நுழையலாம் என்று நினைக்காதீர்கள். கதவைச் சாத்திவிடுவார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்துகிற கோடை நாடக விழாவை விசாரித்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சித்திரை மாதம் அந்த ஊரே ஒரு மேடைதான்.

இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது. பெங்களூரில் நின்றுகொண்டு, இடிபட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதுதான் கரகம். சித்திரைப் பௌர்ணமி ராத்திரி, சிட்டி மார்க்கெட் பக்கத்துத் திகளர்பேட்டையில் இருக்கிற தருமராயசாமி கோயிலிலிருந்து புறப்படும். திகளர் என்பவர்கள் தோட்ட வேலைக்குப் பேர் போன சமூகத்தார். அவர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் புடவை கட்டி, வளையல் போட்டு, மல்லிகைப்பூவால் கோபுரம் மாதிரி உயர்ந்த கரகத்தைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமல் ஊர்வலம் வருவார். சுற்றிலும் வீரகுமாரர்கள் வெற்று மார்போடு, உருவிய வாளோடு காவல் வருவார்கள். காட்டன்பேட்டை மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் அந்தக் கரகம் போகும். அதுதான் மரபு.

2016-ல்தான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டியும் வாசலில் கூட்டம் நகரவில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். யார் இந்த சாமி என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். அவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

"துரோபதைதான் தம்பி. வருஷத்துக்கு ஒருக்கா வர்றா. நீ எந்த ஊரு?"

"சேலம் பக்கமுங்க."

"சேலமா? உங்க ஊர்லதான் விடிய விடிய துரோபதை கூத்து ஆடுவாங்களே! அங்க பாக்காததையா இங்க பாக்க வந்த?"

நான் பேசவில்லை. எங்கள் ஊரிலிருந்து இருபது மைல் சுற்றளவில் கோடைக்குக் கோடை கூத்து நடக்கிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அதோடு இன்னொரு ஞாபகமும் வந்தது. நான் கேட்காமல் சொல்லப்போகிறேன் என்று சொன்னேனே, அது இதுதான்.

எங்கள் காலத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு அண்ணன் பரிமாறிக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம். 2005-லிருந்து 2009 வரை இங்கே தங்கிப் படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும். சாம்பார் ஊற்றும்போது கூட ஒரு ராகத்தோடுதான் "சாம்பார்...ர்" என்பார். நீளமான முடியைக் கொண்டை போட்டு, மேலே துண்டைச் சுற்றியிருப்பார். அதைக் கேலி செய்யாத பேட்ச் கிடையாது. அவர் மேல் எங்களுக்கு ஒரே குறை, பங்குனி பிறந்துவிட்டால் ஆள் வரமாட்டார். வாரத்தில் மூன்று நாள் லீவு. வருகிற நாளும் கண்ணெல்லாம் சிவந்து, தூக்கக் கலக்கத்தோடு வருவார். எங்களுக்கோ அது பரீட்சை நேரம். கடைசி வருஷம் நான் மெஸ் செகரட்டரி. ஒருநாள் ராத்திரி சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. நான் பேப்பரை எடுத்து ஒரு புகார் எழுதினேன். "சொல்லாமல் விடுப்பு எடுக்கிறார். வருகிற நாளிலும் குடித்துவிட்டு வருவதுபோல் தெரிகிறது." நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதம் அவர் வேலையில் இல்லை. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பரீட்சை முடிந்து போய்விட்டோம்.

அவர் குடிக்கவில்லை. கூத்து ஆடிவிட்டு வந்தார். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வேஷம் கட்டி ஆடிவிட்டு, அரிதாரத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, முதல் பஸ் பிடித்து வந்து நமக்கு இட்லி வைத்தார். கண் சிவக்காமல் என்ன செய்யும்? இது எனக்கு ஏழு வருஷம் கழித்துத் தெரிந்தது. அதுவும் கரகம் பார்த்துவிட்டு வந்து, பழைய நண்பர்களுக்குப் போன் போட்டு விசாரித்ததால் தெரிந்தது. அந்தக் கொண்டை ஸ்திரீ வேஷத்துக்காக வளர்த்த முடி.

2017 சித்திரையில் தேடிக்கொண்டு போனேன். எடப்பாடிப் பக்கம் ஒரு கிராமம், மாரியம்மன் திருவிழா. அன்றைக்கு 'துகிலுரிதல்'. அவர்தான் துரோபதை.

தம்பிகளே, கூத்து எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மேடை கிடையாது. கோயில் முன்னால் காலி இடம், அதற்குப் பேர் களரி. ஒரு பெஞ்சில் ஆர்மோனியம், மத்தளம், தாளம், முகவீணை. முகவீணை நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி சின்னதாக இருக்கும். ஆனால் அந்தக் கீச்சுக் குரல் மைக் இல்லாமலே காடு தாண்டிக் கேட்கும். இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார். உடனே முகத்தைக் காட்டமாட்டார். காத்திருக்க வைத்துத்தான் திரை விலகும். நடுவில் கோமாளி வந்து ஊர்ப் பிரசிடெண்டிலிருந்து செல்போன் வரைக்கும் கிண்டல் செய்வான். தூங்குகிறவர்கள் தூங்குவார்கள். குழந்தைகள் பாயிலேயே படுத்துவிடும். ஆனால் முக்கியமான கட்டம் வரும்போது யாரும் எழுப்பாமலே ஊர் முழுக்க விழித்துக்கொள்ளும்.

அன்றைக்கு விடிகாலை மூன்று மணி இருக்கும். சபையில் கூந்தலைப் பிடித்து இழுக்கிற இடம். அந்தக் கொண்டை அவிழ்ந்தது. நாங்கள் நாலு வருஷம் கேலி செய்த அதே கொண்டை. முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டிமார் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கால் வரவில்லை.

விடிந்ததும் வேஷம் கலைக்கிற இடத்துக்குப் போனேன். பாதி முகத்தில் அரிதாரம், பாதி முகம் அவர் முகம். யார் என்று சொன்னேன். புகார் எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"லீவு போட்டேன்னுதானே எழுதுனீங்க? அது நெசந்தானுங்களே. குடிச்சிட்டு வந்தேன்னு எழுதுனதுதான் மனசுக்குச் சங்கடமாப் போச்சு. துரோபதை வேஷம் கட்றவன் கண்ணு, கோயில்ல காப்புக் கட்டிட்டா கறிகூடத் திங்கமாட்டேன்."

பிறகு கேட்டார்: "ராத்திரி எப்ப வந்தீங்க தம்பி?"

"ஒம்பதரைக்குங்க."

"முழுசாப் பாத்தீங்களா? அப்பச் சரி. டீ குடிக்கப் போலாம் வாங்க."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீக்குக் காசு என்னைக் கொடுக்க விடவில்லை.

அதற்கப்புறம் 2020 வந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். கூத்துக்காரர்களுக்குத் திருவிழாப் பருவம் ஆரம்பிக்கிற நேரம் அது. நமக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பளம் வந்தது. அவர்களுக்கு வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அடுத்த கோடைக்கு இரண்டாவது அலை. வருஷத்தில் சம்பாதிக்கிற மாதங்கள் நாலு என்றால், இரண்டு வருஷத்து நாலும் போயிற்று. நான் அறிந்த அந்தக் குழுவில் மத்தளக்காரர் கட்டட வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

இந்தக் கலையைப் பெரிய ஊர்கள் மதிக்காமல் இல்லை. ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கியது இந்தக் கூத்தைப் பார்த்துத்தான். 'மணல் வீடு' இதழை நடத்துகிற எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் நம்ம மேட்டூர்ப் பக்கத்துக்காரர். தானும் கூத்துக் கட்டுவார், கூத்துக்காரர்களைப் பற்றி எழுதியும் வருகிறார். மதிக்காமல் இருந்தது பக்கத்திலேயே இருந்து இட்லி வாங்கித் தின்ற நாம்தான்.

ஆகவே, கோடைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு என் பட்டியலை இரண்டாகத் தருகிறேன். பெங்களூருக்குப் போகிறவர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஊரில் இருக்கிறவர்களும், லீவுக்கு வருகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பங்குனியில் நாமக்கல் நரசிம்மர் தேர். சித்திரை, வைகாசி முழுக்க எடப்பாடி, ஓமலூர், மேட்டூர்ப் பக்கம் கூத்து. சில குழுக்கள் கட்டப் பொம்மலாட்டமும் ஆடுவார்கள், விடக்கூடாது. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா, மலர்க் கண்காட்சி. வைகாசி விசாகத்துக்குத் திருச்செங்கோட்டுத் தேர். ஆடி பிறந்தால் சேலம் நகரத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா. குகையில் வண்டி வேடிக்கை. ஜனங்களே சாமி வேஷம் போட்டு ஜோடித்த வண்டியில் ஊர்வலம் வருவார்கள். எந்த மாநகரத்திலும் பணம் கொடுத்துக்கூடப் பார்க்க முடியாத காட்சி அது. ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர்க் காவேரி, அல்லது கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. கூத்து எங்கே என்று எந்தப் பேப்பரிலும் வராது. டீக்கடையில் கேட்க வேண்டும். இந்தக் கல்லூரி வாசல் டீக்கடையிலேயே கேட்கலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்குப் போட்டிருக்கிற ஷாமியானாவும் விருந்தும் சேர்ந்த செலவில் ஒரு பங்குதான் ஒரு ராத்திரிக் கூத்துக்கு ஆகும். அடுத்த சந்திப்பை சித்திரை மாதத்தில் வைத்து, முதல் நாள் இரவு ஹாஸ்டல் மைதானத்தில் கூத்து விடலாம். முழுக் கூலி, முன்கூட்டியே அச்சாரம். மேடை வேண்டாம், நினைவுப் பரிசு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். விடியும் வரைக்கும் நாம் உட்கார்ந்திருந்தால் போதும். முதல் தொகையை நான் தருகிறேன். அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்ட நாற்பது பேரில் பதினோரு பேர் இங்கே இருக்கிறீர்கள், எண்ணிவிட்டேன். உங்களிடம் சாப்பிட்ட பிறகு வந்து கேட்கிறேன்.

தம்பி தங்கைகளே, கடைசியாக ஒரு வார்த்தை. இன்றைக்கு மதியம் உங்கள் இலையில் சாம்பார் ஊற்றுகிறவர் கண் சிவந்திருந்தால், புகார் எழுதுவதற்கு முன்னால், "நேத்து எங்கண்ணே கூத்து?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.