கன்று நடுவதும் காடு வளர்ப்பதும்

(பிம்ப்ரியில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் 1954-இல் தொடங்கப்பெற்றது முதல் பிம்ப்ரி ஒரு தொழில் நகரமாக வளர்ந்து வந்துள்ளது. பவனா ஆற்றை ஒட்டிய சிற்றூர்கள் இணைந்து 1970-இல் நகராட்சியாகவும், 1982-இல் மாநகராட்சியாகவும் ஆயின. ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகும்போது பொதுநிலம் சுருங்குவது இயல்பு. எஞ்சிய நிலத்தில் மக்களுக்குரிய காடுகளை உருவாக்க இயலுமா என்பது இங்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

இயலும் என்பதற்குப் புணே நகரிலேயே சான்று உண்டு. வார்ஜே பகுதியில் 16.8 ஹெக்டேர் பரப்புள்ள வனத்துறைக் குன்று ஒன்று மரமின்றிக் கிடந்தது. வனத்துறை, உள்ளாட்சி, தன்னார்வ நிறுவனம், சுற்றுப்புற மக்கள் ஆகியோரின் கூட்டு முயற்சியால் அது பசுமை பெற்றது. 2020 ஜூன் 5 அன்று மத்திய அரசு இக்குன்றை முன்மாதிரியாக எடுத்துக்காட்டி, ஐந்தாண்டுகளில் 200 நகர வனங்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. அங்கு 23 வகைத் தாவரங்களும் 29 வகைப் பறவைகளும் 15 வகை வண்ணத்துப்பூச்சிகளும் உள்ளதாக அன்று வெளியான விவரம் கூறுகிறது.

எனினும், கடந்தகால அனுபவத்தை மறத்தல் ஆகாது. 1976-இல் தேசிய வேளாண்மைக் குழு சமூகக் காடு வளர்ப்பைப் பரிந்துரைத்தது. ஊர்ப் பொதுநிலத்தில் விறகும் தீவனமும் விளைவித்து, இயற்கைக் காடுகளின் மீதுள்ள சுமையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் 1980-களில் உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் தனியார் வயல்களில் தைல மரம் இலக்கை மிஞ்சி வளர்ந்தது; ஊர்ப் பொதுத் தோப்புகளோ இலக்கை எட்டவில்லை. தைல மரத்தின் விலை உழவருக்குத் தெரிந்திருந்தது. பொதுத் தோப்பின் பலனில் தம் பங்கு எவ்வளவு என்பது ஊராருக்குத் தெளிவாகவில்லை.

பொருளியல் நோக்கில் இதன் காரணம் எளிது. காவலும் மேய்ச்சல் தடையும் இன்றைய இழப்பு. மரம் பல ஆண்டுகளுக்குப் பின் வரும் வரவு. இழப்பை ஏற்கும் ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்கும் பெண்ணும் வரவில் பங்கு பெறாவிடில், எந்த வேலியும் கன்றைக் காக்காது.

இந்த இடைவெளியை நிரப்பிய ஊர் ஹிவ்ரே பஜார். 2024-இல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பெற்ற அகமதுநகர் மாவட்டத்தில், ஆண்டுக்கு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் மழையே பெறும் வறட்சிப் பகுதியில் அது உள்ளது. போபட்ராவ் பவார் 1989-இல் ஊராட்சித் தலைவரான பின், மரம் வெட்டுவதற்கும் கால்நடைகளைத் தடையின்றி மேயவிடுவதற்கும் கிராமசபை தடை விதித்தது. மக்கள் உடலுழைப்பு நல்கிக் குன்றுகளில் அகழி வெட்டிக் கன்று நட்டனர். மேய்ச்சலை இழந்தோருக்குப் புல்லை அறுத்துச் செல்லும் உரிமை இருந்தது. மரம் முதிரும் முன்பே புல் வளர்ந்தது. கிணறுகளில் நீர் ஊறியது. 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு 150 லிட்டராக இருந்த பால் உற்பத்தி பின்னர் 4,000 லிட்டர் அளவுக்கு உயர்ந்ததாகக் கூறப்படுகிறது. விரைவில் கிடைத்த பலனே காட்டுக்குக் காவலாயிற்று.

நகரத்தில் பலனின் உருவம் வேறு. தொழிலாளர் குடும்பங்களுக்கு நிழலும் உலவும் இடமும் தூய காற்றும் வேண்டும். மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975-இலேயே மர ஆணையத்துக்கு வழிசெய்தது. எனவே சட்டத்துக்குக் குறைவில்லை. நடுவதற்கு முன்பே மூன்று ஏற்பாடுகள் முடிவாதல் வேண்டும்: நிலம் எவருடையது, கோடையில் நீர் ஊற்றுவோர் யார், அந்நிலத்தை இதுவரை பயன்படுத்தி வந்த ஏழை மக்களுக்கு மாற்று வழி யாது என்பன அவை.

ஆண்டறிக்கையில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்கு அருகில், மூன்றாம் ஆண்டில் உயிருடன் நிற்கும் மரங்களின் எண்ணிக்கையும் இடம்பெறுவது அவசியம். முதல் எண் செலவின் கணக்கு. இரண்டாம் எண்ணே வளர்ச்சியின் கணக்கு.